தபால்தலை கிரேடிங்: சான்றிதழ் போதுமா, மதிப்பெண்ணும் வேண்டுமா?

தபால்தலை சேகரிப்பில் கொஞ்ச காலம் இருந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். கையில் இருக்கும் நல்ல ஸ்டாம்புகளை கிரேடிங்குக்கு, அதாவது தரத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் நிறுவனத்துக்கு, அனுப்பலாமா? அனுப்பினால் போட்ட காசு திரும்பி வருமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசலா போலியா, திருத்தப்பட்டதா என்ற சந்தேகம் விலையைப் புரட்டிப் போடக்கூடிய ஸ்டாம்ப் என்றால் நிபுணர் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், தயங்கவே வேண்டாம். மதிப்பெண் கதை வேறு. அது சில வகை ஸ்டாம்புகளுக்கு, அதுவும் மதிப்பெண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்கும் வாங்குபவர்களிடம் விற்கும்போதுதான் பலன் தரும். பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வாங்குவது நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை.

இந்த மூன்றையும் ஒரே சேவையாக நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. முதலாவது, ஸ்டாம்ப் அசல்தானா, கேட்லாக்கில் (ஸ்டாம்புகளை எண் போட்டு விலையோடு பட்டியலிடும் நூல்) எந்த எண், பசை அசலா, பழுது பார்த்திருக்கிறார்களா என்று நிபுணர்கள் பார்த்துச் சொல்லும் கருத்து. லண்டன் ராயல் பிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு 1894 முதல் இதைச் செய்துவருகிறது. நியூயார்க்கின் பிலாடெலிக் பவுண்டேஷன் 1945-இல் தொடங்கியது. ஜெர்மனியில் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். ஸ்டாம்பின் பின்பக்கம் அவர்கள் வைக்கும் சின்ன முத்திரை எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே தரத்தைச் சொல்லிவிடும். இரண்டாவது, 100-க்கு இத்தனை என்று கொடுக்கும் மதிப்பெண். இதைப் பரவலாக்கியது அமெரிக்காவின் புரொஃபஷனல் ஸ்டாம்ப் எக்ஸ்பர்ட்ஸ், சுருக்கமாக பிஎஸ்இ. மூன்றாவது, அந்த மதிப்பெண்ணோடு ஸ்டாம்பைத் தெளிவான பிளாஸ்டிக்கில் நிரந்தரமாக அடைத்துத் தருவது.

சான்றிதழ் உலகம் முழுக்கச் செல்லும். மதிப்பெண்ணும் பெட்டியும் பெரும்பாலும் அமெரிக்க ஸ்டாம்புகளைச் சுற்றி வளர்ந்த பழக்கம். பிரிட்டன், ஐரோப்பா, ஆசிய நாடுகளின் பழைய ஸ்டாம்புகளைத் தீவிரமாகச் சேகரிப்பவரிடம் '95' என்று சொன்னால், அவர் சான்றிதழையும் ஸ்டாம்பையும் காட்டச் சொல்வார், எண்ணைக் கண்டுகொள்ள மாட்டார். ஆக, நீங்கள் எந்த நாட்டு ஸ்டாம்பைச் சேகரிக்கிறீர்கள், அதை யார் வாங்குவார்கள் என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

மதிப்பெண் எதை அளக்கிறது

பிஎஸ்இ அளவுகோலில் 70 என்றால் ஃபைன், 80 என்றால் வெரி ஃபைன், 90 எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், 98 சூப்பர்ப், 100 ஜெம். இடையில் 75, 85, 95 உண்டு. ஓரங்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் எண்ணுக்குப் பின்னால் 'ஜே' என்று சேரும், ஜம்போ என்று அர்த்தம். எண்ணைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு படம் எவ்வளவு நடுவில் விழுந்திருக்கிறது என்பதற்குத்தான். அப்புறம் காகிதத்தில் குறை இருக்கிறதா, நிறம், அச்சின் கூர்மை, பயன்படுத்திய ஸ்டாம்பானால் தபால் முத்திரை படத்தைக் கெடுத்திருக்கிறதா என்பதெல்லாம் சேரும். பசையின் நிலை எண்ணுக்குள் வராது. ஹிஞ்ச் (ஸ்டாம்பை ஆல்பத்தில் ஒட்டும் சின்னக் காகிதத் துண்டு) ஒட்டியதா, ஒட்டாததா, பசையே இல்லையா என்பது தனியாக எழுதப்படும். அதனால் ஒரே 90 வாங்கிய இரண்டு ஸ்டாம்புகளின் விலை பல மடங்கு வேறுபடலாம். எண்ணை மட்டும் பார்த்து ஏலம் கேட்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

படம் நடுவில் விழுவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? பழைய அச்சகங்களில் ஈரக் காகிதத்தில் அச்சடித்தார்கள். காய்ந்ததும் காகிதம் சுருங்கும், ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு அளவுக்கு. துளையிடும் இயந்திரத்தின் சக்கரங்களோ ஒரே இடைவெளியில்தான் இருக்கும். ஆகவே 19-ஆம் நூற்றாண்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்றால் படம் ஒரு பக்கம் ஒதுங்கிப் போனதே வழக்கம், நடுவில் நிற்பது அபூர்வம். அந்த அபூர்வத்துக்கு விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. நவீன அச்சில் நிலைமை தலைகீழ். நன்றாக நடுவில் விழுந்த ஸ்டாம்பே சாதாரணம்.

கேட்லாக்குகள் எந்தத் தரத்துக்கு விலை போடுகின்றன என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவின் ஸ்காட் கேட்லாக் பொதுவாக வெரி ஃபைன் நிலைக்கு விலை தருகிறது. பிரிட்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்லாக் தரும் விலை ஃபைன் நிலைக்கு. இரண்டும் ஒரே பொருளில் பயன்படுத்தும் சொற்கள் அல்ல. ஒன்றின் விலையை இன்னொன்றின் தரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருந்தும் விடை தப்பாக வரும்.

சான்றிதழை மட்டும் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்

ஏனென்றால் தபால்தலையில் ஏமாற்றுவேலை தரத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வதோடு நிற்பதில்லை. ஜான் டி ஸ்பெராட்டி என்றொருவர் இருந்தார். விலை குறைந்த அசல் ஸ்டாம்பை எடுத்து, படத்தை மட்டும் ரசாயனத்தால் வெளுக்கவைத்து, அதே பழைய காகிதத்தில், சில சமயம் அதே அசல் முத்திரையோடு, அரிய ஸ்டாம்பின் படத்தை அச்சடித்தார். 1942-இல் அவர் வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு பார்சலை பிரெஞ்சு சுங்கத்துறை பிடித்தது. மதிப்புமிக்க அசல் ஸ்டாம்புகளைக் கடத்துகிறார் என்பது குற்றச்சாட்டு, பார்த்த நிபுணரும் அசல் என்றே சொன்னார். அவை தானே செய்த போலிகள் என்று ஸ்பெராட்டியே நிரூபிக்க வேண்டியிருந்தது. 1954-இல் பிரிட்டிஷ் பிலாடெலிக் அசோசியேஷன் அவருடைய இருப்பையும் கருவிகளையும் விலைகொடுத்து வாங்கியது, அவை மேலும் புழங்காமல் இருக்க. இப்படிப்பட்ட பொருள் கையில் சிக்கினால் 90-ஆ 95-ஆ என்று விவாதிப்பதில் என்ன பயன்?

போலி அச்சைவிட அதிகம் கண்ணில் படுவது அசல் ஸ்டாம்பில் செய்யும் 'வைத்தியம்'. 1908 முதல் 1922 வரை அமெரிக்காவில் வந்த வாஷிங்டன்–பிராங்க்ளின் வரிசையைச் சொல்லலாம். வாஷிங்டன் அல்லது பிராங்க்ளின், முகம் அதேதான். துளை அளவு (2 செ.மீ. நீளத்தில் எத்தனை துளை) 12, 10, 11, 8½ என்று மாறும், நீர்க்குறி (காகிதத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறி) ஒற்றைக் கோடா இரட்டைக் கோடா இல்லவே இல்லையா என்று மாறும், தாளில் வந்ததா சுருளில் வந்ததா என்று மாறும். ஒரு சேர்க்கை ஒன்றுக்கும் தேறாது, பக்கத்துச் சேர்க்கை பெரும் விலைக்குப் போகும். சாதாரண ஸ்டாம்பின் இரண்டு பக்கத் துளைகளைக் கத்தரித்தால் சுருள் ஸ்டாம்ப் மாதிரி ஆகிவிடும். தாளின் ஓரத்தில் துளையில்லாமல் நேராக வெட்டப்பட்ட பக்கத்தில் புதிதாகத் துளை போட்டால் 'முழுமையான' ஸ்டாம்ப் ஆகிவிடும்.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில், கறுப்புப் பின்னணியில் ஸ்டாம்பை வைத்து லென்ஸில் பாருங்கள். அசல் துளை வரிசையில் பற்களின் நுனியில் காகித நார் பிய்ந்து கொஞ்சம் பிசிறாக நிற்கும், தாளிலிருந்து கிழித்ததால் வந்த பிசிறு. பிறகு போட்ட துளைப் பக்கம் பெரும்பாலும் சீவிவிட்டது போல் சுத்தமாக இருக்கும். பற்களின் நுனிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் மட்டமாக முடியும். அளவுகோலில் வைத்தால் எதிர்ப்பக்கத்து இடைவெளியோடு சரியாகப் பொருந்தாது. சில சமயம் எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாகவும் ஓடாது.

பசைக்கு வேறு சோதனை. அசல் ஸ்டாம்பில் பசை பூசிய பிறகுதான் துளை போட்டார்கள். அதனால் பல் நுனியில் உள்ள நார் பசை படாமல் மென்மையாக இருக்கும். பசை போன ஸ்டாம்புக்குப் பின்னால் புதுப் பசை பூசினால் அது பல் நுனிகளுக்குள்ளும் ஊறி இறுகிவிடும். நுனிகள் விறைப்பாக, விரலில் மெல்லக் குத்துவது போலத் தெரியும். 1893-இல் வந்த அமெரிக்க கொலம்பியன் வரிசையின் டாலர் மதிப்பு ஸ்டாம்புகளில் இந்த மறுபசை விஷயத்தில் ரொம்பவே ஜாக்கிரதை தேவை. அந்தக் காலத்தில் எல்லோரும் ஹிஞ்ச் போட்டுத்தான் ஆல்பத்தில் ஒட்டினார்கள். ஆகவே ஹிஞ்ச் படாத பசைக்குப் பெரிய விலை, பெரிய விலை இருக்கும் இடத்தில் பசை பூசுபவர்களும் இருப்பார்கள்.

பின்பக்கம் உரிந்து மெலிந்த இடத்தை நீர்க்குறி பார்க்கும் திரவம் காட்டிக்கொடுக்கும். கறுப்புத் தட்டில் நனைத்தால் மெலிந்த இடம் கருமையாகத் தெரியும், மடிப்பு கோடாகத் தெரியும். ஒன்று ஞாபகம் வையுங்கள்: திரவம் பாதுகாப்பானதாக இருந்தாலும் சில நவீன அச்சு மைகளையும் கிரேவ்யூர் என்ற முறையில் அச்சான ஸ்டாம்புகளையும் கெடுத்துவிடும். முதலில் விலையில்லாத ஒன்றில் சோதித்துப் பாருங்கள். இந்தக் கருவிகளையும் ஒரு புற ஊதா விளக்கையும் வாங்கிப் பழகுவது எந்த கிரேடிங் கட்டணத்தையும்விட நல்ல முதலீடு என்பது என் உறுதியான கருத்து. குறையுள்ள ஸ்டாம்பை அனுப்பும் முன்பே நீங்கள் கழித்துவிடுவீர்கள்.

முத்திரைக்கும் இதே கதை. 1923 ஜெர்மன் பணவீக்க காலத்து ஸ்டாம்புகளில் பல, பயன்படுத்தாததாக இருந்தால் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். அவை செல்லுபடியான சில வாரங்களுக்குள் உண்மையாகவே தபாலில் போய் முத்திரை வாங்கியிருந்தால் பல மடங்கு விலை. இந்த இடைவெளியை நிரப்பப் போலி முத்திரைகள் ஏராளம். ஆகவே அங்கே நிபுணர் பார்த்துக் குறியிட்ட ஸ்டாம்புக்கு மட்டும்தான் கேட்லாக் விலை. படம் நடுவில் இருக்கிறதா என்று யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை.

மதிப்பெண் எங்கே பலன் தரும்

இரண்டு பெரிய ஸ்டாம்புகளை எதிரெதிரே வைத்துப் பாருங்கள். 1918-இல் வந்த அமெரிக்க 24 சென்ட் விமான ஸ்டாம்பில் விமானம் தலைகீழாக அச்சான தாள் ஒன்று, 100 ஸ்டாம்புகள், வெளியே வந்தது. அவற்றில் 49-ஆவது இடத்தில் இருந்தது பல பத்தாண்டுகள் வெளிச்சமே படாமல் பெட்டகத்தில் கிடந்தது. நடுவில் நிற்கும் படம், ஹிஞ்ச் படாத பசை, 95 மதிப்பெண். 2018-இல் சுமார் 15.9 லட்சம் டாலருக்குப் போனது, 2023-இல் 20 லட்சம் டாலரைத் தொட்டது. தலைகீழ் விமானங்கள் மற்றவையும் விலைமதிப்பற்றவைதான், ஆனால் ஹிஞ்ச் அடையாளம், குறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. கூடப் பிறந்த ஸ்டாம்புகள் பல இருந்து, தரம்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது என்னும் இடத்தில் எண் தன் வேலையைச் செய்கிறது.

அந்தப் பக்கம் 1856 பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா. நான்கு மூலைகளும் வெட்டப்பட்டு எண்கோணமாக இருக்கிறது. மேற்பரப்பு தேய்ந்துபோனது. முன்னால் தபால் ஊழியரின் கையெழுத்துச் சுருக்கம், பின்னால் முந்தைய உரிமையாளர்களின் அடையாளங்கள். 2014-இல் சுமார் 95 லட்சம் டாலர், 2021-இல் சுமார் 83 லட்சம் டாலர். தரத்துக்கு எண் போட உட்கார்ந்தால் மிகக் கீழே நிற்கும். உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் தெரிகிறது என்பதால் அசல்தானா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் மதிப்பு.

நம் ஆல்பத்தில் இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான, பிரிட்டனின் பென்னி பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1840 மே 6 முதல் செல்லுபடியானது. சுமார் 6.8 கோடி அச்சானது, அரிது என்று சொல்ல முடியாது. துளை கிடையாது, 240 ஸ்டாம்புகள் கொண்ட தாளிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டினார்கள். நான்கு பக்கமும் ஓரம் தப்பிய ஸ்டாம்புக்கும் ஒரு பக்கம் படத்தைத் தொட்டு வெட்டியதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் இந்தத் தரத்தை உங்கள் கண்ணே பார்த்துவிடும். நான்கு ஓரமா மூன்று ஓரமா, முத்திரை சிவப்பா கறுப்பா, மெலிந்த இடம் உண்டா என்று தெரிந்தால் போதும். எந்தத் தகட்டில் அச்சானது என்று உறுதியாகச் சொல்லத்தான் நிபுணர் வேண்டும். அரிதான 11-ஆவது தகட்டில் வந்தது என்று யாராவது சொல்லி விற்றால் சான்றிதழ் இல்லாமல் கிட்டவே போகாதீர்கள். இங்கே சான்றிதழ் ஜெயிக்கிறது, எண் கூடுதலாக எதுவும் சொல்லவில்லை.

மதிப்பெண் பலன் தரும் இடத்தை நான் இப்படித்தான் குறுக்குவேன்: 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930-கள் வரையிலான அமெரிக்கத் துளை ஸ்டாம்ப், ஹிஞ்ச் படாத அசல் பசை, உங்கள் அளவுப்படி 90-க்கு மேல் வரக்கூடியது, நல்ல தரத்துக்கும் மிக நல்ல தரத்துக்கும் விலை இடைவெளி பெரிது, நீங்கள் விற்கப்போகிறீர்கள். இதில் ஒன்று விடுபட்டாலும் நான் அனுப்ப மாட்டேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு ஸ்டாம்ப் 80 மதிப்பெண்ணில் 100 பணம், 90-இல் 250, 95-இல் 600 போகும் என்று வையுங்கள். இது உதாரணத்துக்காக நான் வைத்த கணக்கு. எண் இல்லாமல், பார்க்க நன்றாக இருக்கும் நிலையில், வாங்குபவர் நம்பிக்கையோடு 200 கொடுப்பார். கட்டணமும் போக வரத் தபால் செலவும் சேர்த்து ஸ்டாம்புக்கு 40. இப்படிப் பத்து ஸ்டாம்புகள், எல்லாமே 95 வரும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்.

ஒன்று 95, மூன்று 90, ஆறு 80 என்று வந்தால்? 600, 750, 600, ஆக 1,950. செலவு 400 போனால் 1,550. அனுப்பாமலே விற்றிருந்தால் 2,000 வந்திருக்கும். மூன்று 95, நான்கு 90, மூன்று 80 என்று வந்தால் மொத்தம் 3,100, செலவு போக 2,700. இரண்டுக்கும் நடுவே இருப்பது உங்கள் கண்ணின் துல்லியம் மட்டும்தான்.

இதில் பலர் கவனிக்காத விஷயம், குறைந்த எண் விலையைக் குறைக்கும் என்பது. எண் இல்லாதபோது வாங்குபவர் தன் ஆசையைச் சேர்த்து விலை கொடுக்கிறார். 80 என்று எழுதியபிறகு அந்த ஆசைக்கு இடமில்லை. மறுபசை, மறுதுளை என்று தெரிந்தால் பொதுவாக எண்ணே கிடையாது, குறையை எழுதித்தான் சான்று வரும். அதை மறைத்து விற்கச் சொல்லவில்லை. தெரிந்த குறையைச் சொல்லி விற்பதுதான் நேர்மை. அதைத் தெரிந்துகொள்ள எண் தேவையில்லை, சான்றிதழ் போதும் என்கிறேன்.

ஆகவே அனுப்பும் முன் வீட்டிலேயே அளந்து பாருங்கள். ஸ்டாம்பை 1,200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, நான்கு ஓரங்களின் அகலத்தையும் திரையில் எண்ணி எழுதுங்கள். இடது ஓரமும் வலது ஓரமும், மேலும் கீழும், கண்ணுக்கு 'கிட்டத்தட்ட சமம்' என்று தெரிவது அளவில் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்றரை என்று வருவது சகஜம். ஏலங்களில் ஏற்கெனவே எண் வாங்கிய அதே ஸ்டாம்பின் படங்களைச் சேகரித்து உங்கள் ஸ்கேனோடு வைத்து ஒப்பிடுங்கள். கொஞ்ச நாள் இப்படிச் செய்தால் கண் பழகிவிடும். 85-க்கும் 90-க்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். 95-க்கும் 98-க்கும் உள்ள வித்தியாசம் நிபுணர்களுக்கே தீர்ப்பு சார்ந்ததுதான், ஒரே ஸ்டாம்ப் மறுபடி போனால் வேறு எண்ணோடு திரும்பலாம். அந்த மூன்று எண்ணுக்கு மேல் பந்தயம் கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நவீன ஸ்டாம்ப், 100 மதிப்பெண்

பலர் விழும் பள்ளம் இது. கோடிக்கணக்கில் அச்சான, தபால் நிலையத்தில் முகமதிப்புக்கு வாங்கிய ஸ்டாம்ப், 100 வாங்கியது என்பதற்காகப் பெரிய விலைக்கு விற்கப்படுகிறது. கூடவே 'இதுவரை இந்த எண் வாங்கியது இது ஒன்றுதான்' என்று ஒரு வரி. கிரேடிங் நிறுவனங்கள் எந்த ஸ்டாம்புக்கு எத்தனை முறை எந்த எண் கொடுத்தார்கள் என்று பட்டியல் வெளியிடுகின்றன. அதிலிருந்து எடுத்த வரி அது.

அந்தப் பட்டியல் சொல்வது அனுப்பப்பட்டவற்றின் எண்ணிக்கையை மட்டும். முகமதிப்பே சில்லறைக் காசாக இருக்கும் ஸ்டாம்பைக் கட்டணம் கட்டி யார் அனுப்புவார்கள்? அதனால்தான் ஒன்று. அந்த ஒன்று பெரிய விலைக்குப் போனது என்று தெரிந்த மறுநாள், பல பேர் தங்கள் கட்டுகளைப் பிரித்து நல்லதாகப் பொறுக்கி அனுப்புவார்கள். ஒன்று ஐந்தாகும், ஐந்து ஐம்பதாகும். 19-ஆம் நூற்றாண்டு ஸ்டாம்பில் இது நடக்காது, அங்கே நல்ல நிலையில் மிச்சம் இருப்பதே கொஞ்சம், நிபுணர்கள் பார்க்காததும் கொஞ்சம். பட்டியலைப் பார்க்கும்போது எண்ணிக்கையோடு அச்சளவையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, கூடுதல் எண் கிடைக்குமா என்று ஒரே ஸ்டாம்பைத் திரும்பத் திரும்ப அனுப்புபவர்கள் உண்டு, அதனால் பட்டியலில் இருக்கும் எண்ணிக்கையே சில இடங்களில் ஊதியதாக இருக்கும்.

பிளாஸ்டிக் பெட்டி

இந்தப் பழக்கம் நாணயத்திலிருந்து வந்தது. நாணயங்களுக்கு 1 முதல் 70 வரையிலான அளவுகோல் 1949-லேயே உண்டு. நாணய கிரேடிங் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986-இல், என்ஜிசி 1987-இல் வந்து பெட்டியில் அடைத்துத் தர ஆரம்பித்தபின் நாணயச் சந்தையே மாறிவிட்டது. நாணயத்துக்கு அது பொருந்தும். பார்க்க வேண்டிய எல்லாம் இரண்டு முகத்தில் இருக்கிறது, பெட்டி வழியாகவே தெரியும்.

ஸ்டாம்பில் அப்படியில்லை. நீர்க்குறியைப் பார்க்க நனைக்க வேண்டும், பல் நுனியைத் தொட வேண்டும், மெலிந்த இடத்தைச் சாய்வு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடைத்துவிட்டால் இவை எதையும் செய்ய முடியாது, வெளியே எழுதியிருப்பதை நம்ப வேண்டியதுதான். ஆல்பத்தில் வரிசையாக வைக்க முடியாது, அலமாரியில் இடத்தை அடைக்கும். பெட்டி கைபடுவதிலிருந்தும் மடிவதிலிருந்தும் காப்பாற்றும், உண்மைதான். வெளிச்சத்தையும் வெப்பத்தையும் அது தடுக்காது. ஈரப்பதம் ஏறி இறங்கும் இடத்தில் பெட்டிக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நல்ல பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத பக்கம், இருட்டு, சீரான ஈரப்பதம், இவை அதே வேலையைக் கொஞ்சச் செலவில் செய்துவிடும். தொடத் தெரியாதவர்களுக்கு விற்கும் வியாபாரிக்குப் பெட்டி வசதி. சேகரிப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும் பக்கம் இருந்தால்

இதுவரை சொன்னது அனுப்புகிறவருக்கு. நீங்கள் வாங்குகிறவர் என்றால் எண்ணுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் முன் எண்ணை மறைத்துக்கொண்டு ஸ்டாம்பைப் பாருங்கள். 98-க்குப் பக்கத்தில் 90 இருந்து, உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் 90-ஐ வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஆல்பத்தில் காலியாக இருக்கும் இன்னொரு கட்டத்தை நிரப்பலாம். சேகரிப்பின் சந்தோஷம் எனக்கு அதில்தான் அதிகம்.

சான்றிதழோடு வரும் ஸ்டாம்பானால் சான்றிதழில் உள்ள படத்தோடு ஸ்டாம்பின் துளைகளைப் பல் பல்லாக ஒப்பிடுங்கள். எந்தப் பல் குட்டையாக இருக்கிறது, முத்திரையின் வளைவு எங்கே படத்தை வெட்டுகிறது என்று பாருங்கள். அசல் சான்றிதழ், வேறு ஸ்டாம்ப் என்ற மோசடி இதில்தான் பிடிபடும். பிறகு தேதி. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய சான்று என்றால் அன்றைய நிபுணர்களிடம் இன்றைய கருவிகளும் ஒப்பீட்டுப் பொருளும் இல்லை. அன்று அசல் என்றதை இன்று மாற்றிச் சொன்ன சம்பவங்கள் உண்டு. சான்று வாங்கியபின் ஸ்டாம்புக்கு மடிப்போ கறையோ வந்திருந்தாலும் அந்தத் தாளுக்குத் தெரியாது. எந்தச் சான்றும் நிபுணர்களின் கருத்துதான், உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெரிய விலை என்றால் ஏலத்துக்கு முன்பே ஏல நிறுவனத்துக்கு எழுதி, புதுச் சான்றிதழுக்கு உட்பட்டே வாங்குவதாக நிபந்தனை கேளுங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் பலவற்றின் விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. எந்த நிபுணர் குழு, எத்தனை நாளுக்குள், கட்டணம் யார் கட்டுவது, பாதகமாக வந்தால் பணம் எப்போது திரும்பும் என்று நான்கையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சுத்தியல் விழுந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.